காரணம் சொல்லாமல் உள்ளே வைக்கலாமா? 1950-ல் ஒரு கைதி கேட்ட கேள்வி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வரியை நீங்க எத்தனையோ தடவை நியூஸ்ல பார்த்திருப்பீங்க: "குண்டர் தடுப்புச் சட்டத்தில் சிறையில் அடைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவு." பார்த்துட்டு ஸ்க்ரோல் பண்ணிப் போயிடுவோம். சில நேரம் ஒரு நிம்மதி கூட வரும். அப்பாடா, ஒரு ரவுடி உள்ள போயிட்டான்.

இன்னொரு தடவை அந்த வரியைப் படிச்சுப் பாருங்க. சிறையில் அடைக்க உத்தரவிட்டது யார்? ஆட்சியர். சென்னையா இருந்தா போலீஸ் கமிஷனர். நீதிபதி இல்லை. குற்றப்பத்திரிகை, சாட்சி, குறுக்கு விசாரணை, தீர்ப்பு எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் செய்த குற்றத்துக்கான தண்டனை அல்ல இது. இனிமேல் செய்யக்கூடும் என்பதற்காக, 12 மாதம் வரை உள்ளே வைக்கும் ஏற்பாடு. சட்ட மொழியில் இதற்குப் பெயர் தடுப்புக் காவல்.

ஒரு ஜனநாயக நாட்டில் இது எப்படி சட்டப்படி செல்லும்? இந்தக் கேள்வியை 1950-லேயே ஒருத்தர் கேட்டார். சிறைக்குள்ள இருந்துக்கிட்டே கேட்டார். அவர் தோத்துப் போன கதைதான் இன்னைக்கு. முழுசா தோத்தாரா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு பண்ணுங்க.

குடியரசுக்கு வயது பதினாறு நாள்

1950 ஜனவரி 26. அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, டெல்லியில் உச்ச நீதிமன்றம் தொடங்குகிறது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு, பேச்சுரிமை, சமத்துவம் எல்லாம் எழுத்தில் வந்துவிட்டன.

பிப்ரவரி 11. சேலம் மத்திய சிறை. சிறைக்குள் அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மலபார் பகுதியைச் சேர்ந்தவர்கள். கேரளா என்ற மாநிலம் அப்போது கிடையாது. கண்ணூர், கோழிக்கோடு எல்லாம் மலபார் மாவட்டமாக மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தன. அதனால்தான் மலபார் விவசாயிகள் சேலம் சிறையில் இருந்தார்கள்.

அரசாங்கத்தின் பக்கத்தையும் பார்க்கணும், இல்லைன்னா கதை பாதிதான். தேசப் பிரிவினையில் லட்சக்கணக்கானவர்கள் இறந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. காந்தி 1948 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 1948-ல் கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி புரட்சிப் பாதையை அறிவித்திருந்தது. இந்த நாடு நிலைக்குமா என்று ஆட்சியில் இருந்தவர்களே பயந்த காலம். அந்த பயம் நிஜம்.

அந்த பயத்திலிருந்து, 1950 பிப்ரவரி 25 அன்று தடுப்புக் காவல் சட்டம் பிறந்தது. நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் உள்துறை அமைச்சர் சர்தார் படேல். இதற்காகத் தூக்கமில்லாத இரவுகளைக் கழித்ததாக அவரே சபையில் சொன்னார். ஆயுள் ஒரே ஒரு வருஷம் என்று போட்டார்கள். அவசரத்துக்கு மட்டும், தற்காலிகமாக.

அந்த "ஒரு வருஷம்" நீட்டிக்கப்பட்டு, நீட்டிக்கப்பட்டு, 1969 டிசம்பர் 31 வரை போனது.

ஏ.கே.ஜி. யார்?

கேரளா போனா இந்தியன் காபி ஹவுஸ்ல தலைப்பாகை கட்டின ஊழியர்கள் பரிமாறுறதைப் பார்த்திருப்பீங்க. 1950-களின் கடைசியில் வேலை இழந்த காபி ஹவுஸ் தொழிலாளர்களைத் திரட்டி, அவர்களே நடத்தும் கூட்டுறவுச் சங்கமாக அதை மாற்றியதில் முன்னணியில் நின்றவர் ஏ.கே. கோபாலன். சுருக்கமாக ஏ.கே.ஜி.

1904-ல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றார். எல்லா சாதியினருக்கும் கோயில் நுழைவு கேட்ட குருவாயூர் சத்தியாகிரகத்தில் தொண்டர் படைத் தலைவராக இருந்தார். 1936-ல் மலபாரிலிருந்து மெட்ராஸ் வரைக்கும் ஒரு பட்டினி ஊர்வலத்தை நடத்தி வந்தார். பிறகு கம்யூனிஸ்ட் ஆனார். இரண்டாம் உலகப் போரின்போது வேலூர் சிறையிலிருந்து தப்பித்தார். சினிமால வர்ற மாதிரி நிஜமாகவே தப்பித்தார்.

1947 ஆகஸ்ட் 15 அன்று நாடே கொண்டாடியபோது அவர் கண்ணூர் சிறையில் இருந்தார். சில வாரங்களில் வெளியே வந்தார். அதே டிசம்பரில் மறுபடியும் உள்ளே. சாதாரண குற்றச் சட்டப்படி அவருக்குக் கிடைத்த தண்டனைகள் ரத்தாகின. ஆனாலும் வெளியே விடவில்லை. மாகாண அரசின் தடுப்புக் காவல் உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. 1950 மார்ச் 1 அன்று, சிறையில் இருக்கும்போதே, மத்திய அரசின் புதுச் சட்டப்படி இன்னொரு உத்தரவு அவர் கைக்கு வந்தது.

அதாவது, நீதிமன்ற வழியில் அவரை உள்ளே வைக்க முடியவில்லை. அதனால் நீதிமன்றம் தேவைப்படாத வழியில் வைத்தார்கள்.

அவர் ஆட்கொணர்வு மனு போட்டார். ஒருவரைப் பிடித்து வைத்திருந்தால் எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறாய் என்று நீதிமன்றம் அரசைக் கேட்கச் செய்யும் மனு அது. உச்ச நீதிமன்றத்தின் 1950-ஆம் ஆண்டு 13-ஆம் எண் மனு. அவருக்காக வாதாடியவர் மெட்ராஸ் வழக்கறிஞர் எம்.கே. நம்பியார்.

ஒரு சொல்லை மாற்றியதன் விலை

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகணும். ஏன்னா வழக்கு முழுக்க ஒரு சொல்லைச் சுத்திதான்.

அமெரிக்க அரசியலமைப்பில் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க வேண்டுமென்றால் "உரிய சட்ட நெறி" வேண்டும். ஒரு சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதா என்று நீதிபதி கேட்கலாம். நம் அரசியலமைப்பு வரைவிலும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆலோசகர் பி.என். ராவ் அமெரிக்கா போய் நீதிபதி பெலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரைச் சந்தித்தார். அந்தச் சொல் நீதிபதிகளுக்கு அதிகப்படியான அதிகாரம் தந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கொண்டுவரும் சீர்திருத்தங்களை, குறிப்பாக நிலச் சீர்திருத்தத்தை, நீதிபதிகள் முடக்கிவிடக் கூடாதே என்ற கவலை இங்கேயும் இருந்தது. மெட்ராஸைச் சேர்ந்த சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் மாற்றத்தை ஆதரித்தார். கடைசியில் 21-ஆம் பிரிவில் வந்தது "சட்டம் வகுத்த நடைமுறை" என்ற சொல்.

வித்தியாசம் புரியுதா? முதல் சொல்லில் நீதிபதி, "நடைமுறை நியாயமா?" என்று கேட்கலாம். இரண்டாவதில், "நடைமுறை இருக்கா?" என்று மட்டும் கேட்கலாம்.

அம்பேத்கருக்கே இது உறுத்தியது. இதை ஈடுகட்டும் விதமாக 1949 செப்டம்பரில் இன்னொரு பிரிவைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22-ஆம் பிரிவு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளலாம் போன்ற பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன. ஆனால் அதே பிரிவு, தடுப்புக் காவலில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்புகள் பொருந்தாது என்றும் சொல்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் வைக்க ஓர் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல், காரணத்தைத் தெரிவிப்பது, பதில் மனு கொடுக்க வாய்ப்பு. அவருக்குக் கிடைத்தது இவ்வளவுதான்.

1947-லேயே சோம்நாத் லாஹிரி என்ற உறுப்பினர் அரசியல் நிர்ணய சபையில் குத்திக்காட்டியிருந்தார்: இந்த அடிப்படை உரிமைகளை ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் கண்ணோட்டத்தில் எழுதியது போல இருக்கிறது என்று. உரிமைகளைப் பட்டியல் போட்ட அரசியலமைப்புக்குள்ளேயே, அமைதிக் காலத்திலும் விசாரணையின்றி அடைக்கும் அதிகாரம் இடம்பிடித்துவிட்டது.

ஐந்துக்கு ஒன்று

1950 மே 19. ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் பெருமளவு தப்பியது. பெரும்பான்மையின் வாதம் இது: ஒவ்வொரு அடிப்படை உரிமையும் தனித்தனி அறை. 19-ஆம் பிரிவு நடமாடும் சுதந்திரம் பற்றியது. 21 உயிர், சுதந்திரம் பற்றியது. ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துப் படிக்கக் கூடாது. நாடாளுமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் அதன் நியாயத்தை அளப்பது எங்கள் வேலை இல்லை.

எதிர்த்தவர்களில் ஒருவரான மகாஜன், மூன்று மாதத்துக்கு மேல் அறிவுரைக் கழகமே இல்லாமல் வைக்க அனுமதித்த பிரிவு செல்லாது என்றார். ஆனால் அடிப்படைக் கேள்வியில் தனியாக நின்றவர் நீதிபதி ஃபசல் அலி. ஒரு மனுஷனைப் பூட்டி வைத்தால் அவனுடைய நடமாட்டமும் பறிபோகிறதே, எப்படி அது தனி அறை ஆகும் என்று கேட்டார். நடைமுறை என்றால் அதில் நான்கு விஷயமாவது இருக்க வேண்டும் என்றார்: முன்னறிவிப்பு, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமில்லாத ஓர் அமைப்பு, ஒழுங்கான விசாரணை முறை. இந்தப் பார்வையில் ஐந்துக்கு ஒன்று. தோற்றுவிட்டது.

ஆனால் ஒரு விஷயத்தில் ஆறு பேருமே சேர்ந்துகொண்டார்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவைக் கேளுங்க. எந்தக் காரணத்துக்காக உங்களை அடைத்தோம் என்று அரசு உங்களுக்கு ஒரு தாள் கொடுக்கும். அந்தத் தாளில் இருப்பதை நீங்கள் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது. சொன்னால் அது குற்றம், ஒரு வருஷம் வரை சிறை. நீதிமன்றமும் அதைக் கேட்கக் கூடாது! பிறகு எப்படி நீதிபதி, காவல் சரியா தப்பா என்று பார்ப்பார்? கண்ணைக் கட்டிவிட்டுப் படி என்று சொல்வது மாதிரி. அந்தப் பிரிவு செல்லாது என்று ஆறு பேரும் அடித்தார்கள்.

ஏ.கே.ஜி. வெளியே வரவில்லை. ஆனால், காரணத்தை நீதிமன்றத்திடமிருந்து மறைக்க முடியாது என்ற ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. 1952 தேர்தலில் அவர் கண்ணூரிலிருந்து ஜெயித்து, முதல் மக்களவையில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக உட்கார்ந்தார். ஆபத்தானவர் என்று யாரை அடைத்தார்களோ, அவரை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

கதீட்ரல் சாலை வீடு

இதே காலத்தில் இன்னொரு விஷயம் நடந்தது. 1919-ல் பிரிட்டிஷ் அரசு ரவுலட் சட்டம் கொண்டுவந்தது. விசாரணை இல்லாமல் சிறை. நாடே கொதித்தது. நாடு தழுவிய கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திக்கு வந்தது, சென்னை கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான்.

1950 டிசம்பரில் படேல் இறந்த பிறகு உள்துறை அமைச்சரானவர் அதே ராஜாஜி. 1951-ல் தடுப்புக் காவல் சட்டத்தைச் சில திருத்தங்களோடு நீட்டிக்கும் மசோதாவை நாடாளுமன்றத்தில் நடத்திச் சென்றவர் அவர்.

ராஜாஜியைக் கிண்டல் பண்றதுக்காக இதைச் சொல்லலை. படேலும் சரி, ராஜாஜியும் சரி, வெள்ளைக்காரன் சிறையில் இருந்தவர்கள். அவர்களே அந்த அதிகாரத்தைத் தேவை என்று நினைத்தார்கள். ஏனென்றால், தாங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று நம்பினார்கள். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சட்டப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவரின் நல்ல மனசு சேர்ந்து அச்சாவதில்லை. அடுத்து வருபவருக்கு அதிகாரம் மட்டும்தான் போய்ச் சேரும்.

அடுத்து வந்தவர்கள்

1971-ல் மிசா வந்தது. 1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை. ஷா ஆணையத்தின் கணக்குப்படி மிசாவில் மட்டும் சுமார் 35,000 பேர் அடைக்கப்பட்டார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் திருத்தங்கள்: காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. அது ரகசியம். நீதிமன்றத்திடமும் காட்ட வேண்டாம்.

ஞாபகம் இருக்கா, 1950-ல் ஆறு நீதிபதிகளும் சேர்ந்து அடித்த அந்த 14-ஆம் பிரிவு? 25 வருஷம் கழித்து, இன்னும் மோசமாகத் திரும்பி வந்துவிட்டது.

சென்னையில் 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மு.க. ஸ்டாலின், சிட்டிபாபு உட்பட பலர் மிசாவில் அடைக்கப்பட்டார்கள். சென்னை மத்திய சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதைப் பின்னால் நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. சிட்டிபாபு 1977-ல் இறந்தார்.

1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கில், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. அந்த "ஒன்று" நீதிபதி ஹெச்.ஆர். கன்னா. தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டியது, வரவில்லை.

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை முடிந்தது. மறுநாள், மார்ச் 22 அன்று, ஏ.கே.ஜி. இறந்தார்.

அதற்கடுத்த ஜனவரியில் அவருடைய கேள்விக்கு விடை வந்தது. அதுவும் யார் வழக்கில்? இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்தி வழக்கில். ஜனதா அரசு காரணம் சொல்லாமல் அவருடைய பாஸ்போர்ட்டை முடக்கியது. நெருக்கடி நிலையை எதிர்த்து ஆட்சிக்கு வந்தவர்கள் செய்த வேலை இது! 1978 ஜனவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: நடைமுறை என்று ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் தன்னிச்சையற்றதாகவும் இருக்க வேண்டும். உரிமைகள் தனித்தனி அறைகள் அல்ல. ஃபசல் அலி தனியாகச் சொன்ன பார்வை, 28 வருஷம் கழித்து நாட்டின் சட்டமாயிற்று. ஜபல்பூர் தீர்ப்பை வெளிப்படையாகத் தூக்கிப்போட 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில்தான் அது நடந்தது.

அப்போ பிரச்சினை முடிஞ்சுதா?

இல்லை. 22-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது. 1978-ல் நாடாளுமன்றம் 44-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கவும், அந்தக் கழகத்தை இன்னும் சுதந்திரமாக்கவும் அதில் வழி இருந்தது. அந்தப் பகுதியை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பை மட்டும் எந்த அரசும் இன்றுவரை வெளியிடவில்லை. காங்கிரஸ், ஜனதா, பாஜக, கூட்டணி ஆட்சிகள் எல்லாம் வந்து போயிருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை.

தமிழ்நாட்டின் குண்டர் சட்டம் 1982-ல் வந்தது. முதலில் கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம் என்று தொடங்கிய பட்டியல். 2004-ல் திருட்டு வீடியோவும் அதில் சேர்ந்தது. திருட்டு சிடிக்கு, விசாரணை இல்லாமல் ஒரு வருஷம். பட்டியல் எப்படி வளரும்னு காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எதிர்த்தரப்பு வாதம் லேசானது இல்லை. மாமூல் கேட்டு மிரட்டும் ரவுடிக்கு எதிராக எந்தக் கடைக்காரர் சாட்சி சொல்வார்? வழக்கு முடிய எட்டு, பத்து வருஷம் ஆனால், அதுவரை அந்தத் தெரு மக்கள் என்ன செய்வது? நடுத்தெருவில் பயத்தோடு வாழ்கிறவருக்கும் சுதந்திரம் என்று ஒன்று உண்டே? நியாயமான கேள்விகள். ஆனால் இதில் ஒவ்வொன்றும், சாட்சிக்குப் பாதுகாப்பு கொடு, வழக்கைச் சீக்கிரம் முடி என்றுதான் சொல்கிறது. நீதிமன்றம் மெதுவாக இருக்கிறது என்பதற்காக நீதிமன்றத்தையே தாண்டிப் போனால், அதை வேகமாக்க வேண்டிய அவசரம் அரசுக்குப் போய்விடும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இன்றும் இந்த உத்தரவுகளுக்கு எதிராக ஆட்கொணர்வு மனுக்கள் வருகின்றன. பல உத்தரவுகள் ரத்தாகின்றன. எப்படி? கொடுத்த நகல் படிக்க முடியாமல் இருந்தது, தெரிந்த மொழியில் மொழிபெயர்த்துத் தரவில்லை, பதில் மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் செய்தார்கள். டெக்னிக்கல் காரணத்தில் தப்பிச்சிட்டான்னு டீக்கடையில் பேசுவோம். உண்மையில் அந்த "டெக்னிக்கல்" தான் மிச்சமிருக்கிற பாதுகாப்பு. காரணத்தைச் சொல், புரியும்படி சொல், அதைப் பார்த்து "தப்பு" என்று சொல்லக்கூடிய ஒருவர் முன்னால் சொல். சேலத்தில் ரத்தம் காய்ந்து சில வாரங்களே ஆன நேரத்தில், ஒரு கைதி கேட்டது இதைத்தான்.

அதனால, அடுத்த தடவை அந்த நியூஸ் வரி வரும்போது ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. கையெழுத்துப் போட்டது யார்? காரணத்தை அவருக்குச் சொன்னாங்களா? அந்தக் காரணத்தை வேற யார், எத்தனை நாளுக்குள்ள பார்க்கப் போறாங்க? உள்ளே போனவரை உங்களுக்குப் பிடிக்காம இருக்கலாம். 1950-ல் ஏ.கே.ஜி.யையும் பல பேருக்குப் பிடிக்கலை.

உங்க கருத்து இதுக்கு எதிரா இருந்தா கண்டிப்பா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.